டேப் டிரைவில் ‘ஹெட் போச்சு’ என்று சொன்னால் உடனே கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

சாலிகிராமத்தில் ஒரு சிறிய எடிட்டிங் ஸ்டுடியோவில் டேட்டா வேலை பார்க்கிறேன். படப்பிடிப்பிலிருந்து வரும் ஃபுட்டேஜை எல்டிஓ என்னும் காந்த டேப் கேட்ரிட்ஜில் ஏற்றிப் பத்திரப்படுத்துவது என் பொறுப்பு. டேப்பில் இரண்டு காப்பி ஏறிய பிறகுதான் கேமரா கார்டை அழிக்கச் சொல்வோம். டேப் டிரைவ் நின்றால் மறுநாள் ஷூட்டிங்கே கார்டு இல்லாமல் தவிக்கும். அந்த அவசரத்தைப் பயன்படுத்தித்தான் ஒரு சர்வீஸ் நிறுவனம் எங்களிடமிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் கறந்துவிட்டது. இது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்களுடையது தனிப் பெட்டியில் வரும் எல்டிஓ-7 டிரைவ். சர்வரில் டிரைவை இணைப்பதற்கான ஒரு எஸ்ஏஎஸ் கார்டு, அதிலிருந்து டிரைவுக்கு இரண்டு மீட்டர் மினி எஸ்ஏஎஸ் கேபிள். மூன்று வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு நாள், எழுதிக்கொண்டிருக்கும்போதே ஐ/ஓ எரர் வந்து நின்றது. எல்டிஓ-7 டேப் ஒன்று 6 டிபி கொள்ளும். வினாடிக்கு 300 எம்பி வேகத்தில் ஓடினாலும் அது நிரம்ப ஐந்தரை மணி நேரம் ஆகும். எங்களுக்கோ அரை மணி நேரம் நன்றாகப் போகும், பிறகு சர்வரின் பட்டியலிலிருந்து டிரைவே காணாமல் போகும். இரண்டு நிமிடத்தில் தானாகத் திரும்பி வரும். சில நாள் முழு டேப்பும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறிவிடும்.

இப்படிக் காணாமல் போய்த் திரும்பி வருவதுதான் முக்கியமான அடையாளம். டேப்பில் எழுதும், படிக்கும் பாகமான ஹெட் தேய்ந்தால் வேகம் குறையும், எழுதியதையே மறுபடி மறுபடி எழுதும், கடைசியில் மீடியா எரர் வரும். ஆனால் டிரைவ் பாட்டுக்கு சர்வரின் கண்ணில் இருந்துகொண்டேதான் இருக்கும். டிரைவே மறைகிறது என்றால் முதலில் கேபிள், கார்டு, பவர் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். வந்த சர்வீஸ் ஆளிடம் நான் இதைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

அவர் தன் லேப்டாப்பில் ஏதோ ஒரு டூலை ஓட்டினார். “அலர்ட் வருது சார், க்ளீனிங் கேக்குது” என்று சொல்லி க்ளீனிங் டேப்பைப் போட்டார். ஒரு முறை அல்ல, வரிசையாக நான்கு முறை. ஒரு க்ளீனிங் டேப் ஐம்பது முறை வரைதான் வரும், டிரைவ் கேட்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் ஹெட்டுக்கே கெடுதல். நான்காவது முறைக்குப் பிறகும் எரர் வந்தது. “ஹெட் போயிடுச்சு சார். புது டிரைவ்தான் போடணும், ஸ்டாக்கில் ஒண்ணு இருக்கு” என்றார். ஸ்டுடியோ உரிமையாளர், நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், அன்று இரவே டேப் ஏறியாக வேண்டும் என்ற பதற்றத்தில் சரி என்றுவிட்டார். 1,95,000 ரூபாய். பழைய டிரைவுக்கு எக்ஸ்சேஞ்ச் என்று அதில் பத்தாயிரம் கழித்துக்கொண்டு, அதை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போனார்கள். அதற்கு ரசீது எதுவும் தரவில்லை.

மூன்றாம் நாள் அதே எரர்.

போன் செய்தால், “உங்க டேப் பேட்ச் சரியில்லை” என்றார்கள். அவர்களிடமே பத்து டேப் வாங்கினோம். மறுபடியும் அதே எரர். “அப்ப எஸ்ஏஎஸ் கார்டு மாத்தணும்” என்றார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். “வேண்டாம்ண்ணே, இன்னைக்கு ராத்திரி நானே உட்கார்ந்து பார்க்கிறேன்” என்றேன்.

எங்கள் சர்வர் லினக்ஸ். அதில் ஒவ்வொரு எஸ்ஏஎஸ் லேனுக்கும் (கேபிளில் டேட்டா ஓடும் தடம்) நான்கு கவுண்டர்கள் இருக்கின்றன. கெட்டு வந்த டேட்டாத் துண்டு (டிவேர்ட்) எத்தனை, பிட் சமநிலைப் பிழை (டிஸ்பாரிட்டி) எத்தனை, இரு பக்கத்துக்கும் இடையிலான இசைவு (சிங்க்) எத்தனை முறை போனது, ரீசெட் எத்தனை முறை தோற்றது என்று அவை கணக்கு வைக்கும். சர்வரை ஆன் செய்யும்போதோ கேபிளைச் செருகும்போதோ சில எண்ணிக்கை ஏறுவது சகஜம். டேப் ஓடும்போது ஏறிக்கொண்டே இருந்தால் சிக்னல் கெட்டு வருகிறது என்று அர்த்தம். டேப்பை ஓடவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே ரேக்கின் பின்னால் கையை விட்டு கேபிளை லேசாக அசைத்தேன். முதல் கவுண்டர் ஒரே நேரத்தில் ஆயிரத்துக்கு மேல் எகிறியது. டிரைவ் காணாமல் போனது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். ரேக்கின் பின் கதவை மூடும்போதெல்லாம் கேபிளின் கழுத்து, அதாவது கனெக்டர் முடிந்து ஒயர் தொடங்கும் இடம், கதவுச் சட்டத்தில் நசுங்கியிருக்கிறது. அந்த இடத்தில் ரப்பர் உறை வெளுத்து மடிப்பு விழுந்திருந்தது. மறுநாள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் 5,200 ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி, கதவில் படாதபடி பக்கவாட்டில் கட்டினேன். அன்றிலிருந்து நாற்பது டேப்புக்கு மேல் ஏற்றிவிட்டேன், கவுண்டர் அசையவில்லை.

அப்போதுதான் சர்வீஸ் ஆள் எழுதிக் கொடுத்த ஸ்லிப்பை எடுத்துப் பார்த்தேன். நீல மையில் ‘டேப்அலர்ட் 20எச்’ என்று இருந்தது. டேப்அலர்ட் என்பது டிரைவ் தானே தரும் எச்சரிக்கைகளின் பட்டியல், மொத்தம் 64. அதில் 20-வது க்ளீனிங். ஆனால் அந்த ‘எச்’ எழுத்து ஹெக்ஸை, அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண் முறையைக் குறிக்கிறது. ஹெக்ஸில் 20 என்றால் சாதாரணக் கணக்கில் 32. முப்பத்திரண்டாவது எச்சரிக்கை இன்டர்ஃபேஸ் கோளாறு, அதாவது கேபிளையும் கனெக்‌ஷனையும் பார் என்று டிரைவே சொல்லியிருக்கிறது. தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா என்று அப்போது எனக்குச் சந்தேகம் இருந்தது. இந்த எச்சரிக்கைகள் பொதுவாக ஒரு முறை படித்தவுடன் அழிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த ஸ்லிப் இல்லையென்றால் என்னிடம் ஆதாரமே இருந்திருக்காது.

சந்தேகம் தீர்ந்தது அடுத்த அரை மணி நேரத்தில். டிரைவ் தன் ஆயுள் கணக்கைத் தானே வைத்திருக்கும். லினக்ஸில் எஸ்ஜி லாக்ஸ் (sg_logs) கட்டளையில் ஹெக்ஸ் 14 பக்கத்தைக் கேட்டால், இதுவரை எத்தனை டேப் உள்ளே போனது, எத்தனை மணி நேரம் பவர் ஓடியது எல்லாம் வரும். ‘புது’ டிரைவில் அது காட்டியது: 3,812 லோடு, 29,640 மணி நேரம். மூன்று வருடத்துக்கு மேல் வேறு எங்கோ இரவும் பகலும் ஓடிய டிரைவ் அது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீரியல் எண்ணும், டிரைவ் சர்வருக்குச் சொல்லும் சீரியல் எண்ணும் வேறு வேறு. ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தூக்கினால் கீழே இன்னொரு ஸ்டிக்கரின் பசை.

கேட்டபோது முதலில் “டெமோ யூனிட் சார்” என்றார்கள். எங்கள் பழைய டிரைவைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும், “அது ஸ்கிராப்ல போட்டாச்சு” என்று வைத்துவிட்டார்கள். ஹெட்டில் ஒரு குறையும் இல்லாத டிரைவ் அது. இனி எங்களை மாதிரி இன்னொருவருக்கு அது ‘புதுசாக’ப் போகும் என்பதுதான் என் பயம்.

டிரைவ் மாற்றச் சொன்னால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், கார்டின் அடுத்த போர்ட்டில் செருகிப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான். புது டிரைவ் என்று கொண்டு வந்தால் பணம் கொடுக்கும் முன் அந்த ஆயுள் கணக்கை அவர்கள் எதிரிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பழையதை எடுத்துப் போவதானால் சீரியல் எண்ணைப் படமெடுத்து, அதைக் குறிப்பிட்டு ரசீது வாங்காமல் விடாதீர்கள். நாங்கள் இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்வது கடினம் என்று வக்கீல் சொல்லிவிட்டார், சிவில் வழக்காகத்தான் போட வேண்டியிருக்கும்.

சென்னையில் சமீபத்தில் யாராவது தனிப் பெட்டி எல்டிஓ-7 டிரைவ் வாங்கியிருந்தால், ஸ்டிக்கரை நம்பாமல் சர்வர் காட்டும் சீரியல் எண்ணைப் பாருங்கள். எங்கள் டிரைவின் எண் பழைய பில்லில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.