பழைய வீட்டுச் சுவரோரம்: ஜல்லியா, புல்லா?

பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் அடிச்சுவர் பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரத்தடுப்புப் பட்டை (கொத்தனார்கள் டி.பி.சி. என்பார்கள்) போடாமல் கட்டிய வீடுகள் பல. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றும், அதுதான் ஓதம். அப்படி ஓதம் ஏறும் வீட்டின் பக்கவாட்டில் கிடக்கும் ஜல்லியை அள்ளிவிட்டுப் புல் போடலாமா? சுவரை ஒட்டி வேண்டாம், தள்ளிப் போடுங்கள் என்பேன்.

ஜல்லியின் பலம் மழைக்காலத்தில் தெரியும். இறவாணத்து நீர் வெறும் மண்ணில் விழுந்தால் சேறு சுவரில் தெறிக்கும்; ஜல்லியில் விழுந்தால் சிதறிக் கீழே இறங்கிவிடும். மழை விட்டதும் இடுக்குகள் வழியே அடிமண் ஆவி விட்டுக் காயும். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் மாதிரிக் களிமண்ணில், நீர் வெளியேற வழி வைக்காமல் ஜல்லி கொட்டினால் அது சுவரோரம் வெட்டிய குட்டைதான். களை வரக்கூடாதென்று அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிப்பது அதைவிட மோசம்: மண் ஈரம் மேலே வர முடியாமல் சுவர் வழியாக ஏறும். வேப்பமரம் இருந்தால் சருகு மட்கி இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். சில வருடத்துக்கு ஒருமுறை அள்ளிச் சலித்துப் போடத்தான் வேண்டும்.

புல்லும் ஈரத்தை உறிஞ்சி ஆவியாக்கும், உண்மை. இங்கிலாந்து மாதிரி, புல்லுக்குப் பெரும்பாலும் மழையே போதுமான ஊரில் அந்த வாதம் ஓரளவு எடுபடும். நம் ஊரில் கொரியன் புல் பச்சையாக நிற்க, பங்குனி, சித்திரை வெயிலில் அநேகமாகத் தினமும் தண்ணீர் விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த ஈரத்தைச் சுவர் கக்கிக் காய வேண்டிய மாதங்கள் அவை! அப்போது சுவரோரம் இரண்டு அங்குலம் தோண்டிப் பாருங்கள். வெயில் படும் ஜல்லிக்கு அடியில் மண் பொடியாக உதிரும். புல்லுக்கு அடியில் கறுத்துச் சில்லென்றிருக்கும். அருகம்புல் என்றால் தண்ணீர் குறைவாகப் போதும், ஆனால் அதன் கொடி அடிச்சுவரின் கீறல் வரை தேடிப் போகும்.

இன்னொரு தொல்லை மட்டம். புல் போட வருபவர்கள் செம்மண்ணும் எருவுமாக நாலைந்து அங்குலம் கொட்டுவார்கள். வெளிமண் வீட்டின் உள்தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். மண்ணை உயர்த்தினால் ஓதமும் அதோடு உயரும். புல்வெட்டி நைலான் கயிறு அடிச்சுவர்ப் பூச்சைக் கொத்திக் கொத்திப் பெயர்க்கும். கரையான் புற்று ஏறினாலும் புல் மறைவில் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டும் வேண்டாம், சிமெண்ட் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். சுவரை ஒட்டிய மண் காய வழியே இல்லாமல் போகும். காரை வீட்டுக்கு அது சரிப்படாது.

நான் செய்யச் சொல்வது இது: சுவரிலிருந்து ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை இறக்கி, வெளிப்பக்கம் சரிவு கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெரிய ஜல்லி நிரப்புங்கள். அந்தச் சரிவு ஒரு வடிகாலில் போய் முடியட்டும். அதற்கப்பால் புல் போடலாம். தண்ணீர்க் குழாயின் வாய் சுவர்ப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுச் சந்து மூன்றடிதான் என்றால் புல் யோசனையை விட்டுவிடலாம். அங்கே வெயில் விழாது, கொரியன் புல் பிடிக்கவும் பிடிக்காது.