ரிமெம்பரா, ரீகாலா?

ஆங்கிலத்தில் ரிமெம்பர் (remember), ரீகால் (recall), ரீகலெக்ட் (recollect) மூன்றுக்கும் 'நினைவுகூர்' என்றே பொருள் எழுதிப் படிப்பவர்கள் பலர். பொருள் சரிதான். வாக்கியத்தில் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். முதலில் ஒன்றை மட்டும் ஊன்றிப் பழகுவதென்றால் என் கட்சி ரிமெம்பர்.

ரீகால் கொஞ்சம் விறைப்பான சொல். முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதைச் சொல்லும். சாட்சி விசாரணையிலும் அலுவலகக் கடிதத்திலும் இயல்பாக ஒலிக்கும். (பழுதுள்ள கார்களை நிறுவனம் திரும்பப் பெறுவதும் ரீகால்தான்.) ரீகலெக்ட் அதைவிட ஏட்டு நடை. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல எல்லை சொல்ல முடியாது.

நான் ரிமெம்பர் பக்கம் நிற்பதற்குக் காரணம், அதை ஒட்டி அடுத்து வரும் வினை. 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்' என்றால் மறக்காமல் கதவைப் பூட்டினேன்: நினைவு முதலில் வந்தது, பூட்டியது பிறகு. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் கதவைப் பூட்டியது ஞாபகம் இருக்கிறது: பூட்டியது முன்பு, நினைவு இப்போது. ரீகாலுக்கு இந்த இரண்டாவது வேலை மட்டும்தான். 'ஐ ரீகால் லாக்கிங்' வரும். 'ரீகால் டு லாக்' வராது. ஆக, மாத்திரை போட, கேஸை அணைக்க, பணம் கட்ட என்று அன்றாடம் சொல்ல வேண்டியதற்கெல்லாம் ரீகால் உதவாது.

எது என்று தடுமாறினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மறக்காமல்' பொருந்தினால் 'டு'. 'செய்தது ஞாபகம்' என்று வந்தால் 'இங்'.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. 'ஞாபகம் இருக்கிறது' என்பதில் உள்ள 'இருக்கிறது', 'ஐ ஆம் ரிமெம்பரிங்' என்று சொல்லத் தூண்டும். 'ஐ ரிமெம்பர்' போதும். எதிர்மறையில் 'ஐ டோன்ட் ரிமெம்பர்'.

இன்னொன்று, 'ஞாபகப்படுத்து'. தமிழில் ஒரே வேரிலிருந்து வருவதால் அதற்கும் ரிமெம்பரையே போட்டுவிடுகிறோம். அதற்குரிய சொல் ரிமைண்ட். யாருக்கு என்பதையும் உடனே சேர்க்க வேண்டும்: 'ரிமைண்ட் மீ டு கால் மை மதர்'. மாற்றி 'ரிமெம்பர் மீ டு யுவர் மதர்' என்று சொல்லிவிட்டால், 'அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்' என்று அர்த்தமாகிவிடும்.