ட்ரெயின் குழாயோடு வீடு திரும்பும் நாட்களுக்கான முன்திறப்பு மேலாடை: எது தாங்குகிறது, எது உறுத்துகிறது

மார்பக அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருபவரின் உடலில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ ட்ரெயின் (drain) குழாய்கள், அதாவது காயத்தில் சேரும் திரவத்தை வெளியேற்றும் குழாய்கள், இருக்கும். நுனியில் அந்தத் திரவத்தை உறிஞ்சிச் சேர்க்கும், கையெறிகுண்டு வடிவில் நசுக்கக்கூடிய ஒரு குமிழ் (பல்ப்). அது 100 மி.லி. வரை பிடிக்கும். நிறைந்தால் ஏறக்குறைய 100 கிராம் எடை. அந்த எடை முழுவதையும் தாங்குவது தோலில் போட்ட ஒற்றைத் தையல்தான். உள்பை வைத்த முன்திறப்பு மேலாடைகளை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: பல்பின் கனம் அந்தத் தையலுக்குப் போகாமல் துணி தாங்குகிறதா? இதில் தவறும் மேலாடை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் வேண்டாம்.

நல்ல பை இடுப்புக்குச் சற்று மேலே, குழாய் வெளிவரும் இடத்துக்குக் கீழே இருக்கும். மார்புக்கு நேராகத் தைத்திருந்தால் குழாய் மடங்கி அடைத்துக்கொள்ளும். ஆழமான கெட்டித்துணிப் பை பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் உள்ளே பல்ப் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாது. சப்பிப் போயிருந்தால் உறிஞ்சுகிறது என்று பொருள். திரவம் அதிகமில்லாமலே உப்பியிருந்தால் காற்று புகுந்து, உறிஞ்சுவது நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாலே இது தெரிய வேண்டும். அதனால் வலைத்துணிப் பைக்கே எங்கள் ஓட்டு. பையைக் கழற்றி மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

திறப்பில் மூன்று வகை உண்டு. ஜிப் வைத்தது உறுதியானது. கீழ்முனையைக் கோக்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதால், முதல் நாட்களில் பக்கத்தில் இருப்பவர்தான் போட்டுவிட வேண்டியிருக்கும். ஜிப்புக்கு உள்பக்கம் துணிப்பட்டை இல்லாவிட்டால் தையல்மேல் உரசும். வெல்க்ரோவை ஒரே கையால் பிரிக்கலாம், வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தலாம். ஒட்டாமல் துவைத்தால் பஞ்சு சேர்ந்து பிடிப்பு போய்விடும், விளிம்பு தோலைக் கீறும். கொக்கி வைத்தவை மலிவாகக் கிடைத்தாலும் இந்த வாரங்களுக்கு ஏற்றவை அல்ல. தோளிலும் திறக்கும் வெல்க்ரோ இருந்தால் அதையே எடுங்கள், கையைத் தூக்கவே வேண்டியதில்லை.

மேலாடையின் அக்குள் வெட்டைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். அக்குள் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் மேல்கையின் உட்பக்கம் மரத்திருக்கும். துணி அறுத்தாலும் அவருக்கு உறைக்காது. தினமும் கழற்றியதும் அங்கே சிவந்த கோடு விழுந்திருக்கிறதா என்று நீங்கள்தான் கண்ணால் பார்க்க வேண்டும். விழுந்திருந்தால் அளவு சிறியது.

அளவை அறுவைக்கு முன்பே எடுங்கள். பிறகு காயக்கட்டும் வீக்கமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் ஒரு அளவு பெரிதாக வாங்குவதே நல்லது. அடிப்பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். உடலின் வேறு இடத்துத் தசையை எடுத்து மார்பகம் மீட்டமைத்திருந்தால், எங்கே அழுத்தம் படக்கூடாது என்று அறுவை மருத்துவரிடம் கேட்ட பிறகே எதையும் மாட்டுங்கள்.

போடும்போது அறுவை செய்த பக்கத்துக் கை முதலில் நுழையட்டும், கழற்றும்போது அது கடைசியில் வரட்டும். கழற்றுமுன் பல்பைப் பையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அதை மறந்து துணியை இழுத்துவிடுவதுதான் இந்த மேலாடைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து. குழாய் வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான காஸ் துணியை வைத்து அழுத்திக்கொண்டு மருத்துவமனையை அழையுங்கள்.

பல்பைக் காலி செய்ய, வேறு நேரம் சொல்லப்படாவிட்டால், காலையும் இரவும் போதும். கையைக் கழுவி, தோலுக்கு அருகே குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்து, மறு கையின் ஆல்கஹால் பஞ்சால் பல்ப் வரை வழித்துவிட்டால் உறைந்த கட்டிகள் இறங்கிவிடும். அருகே பிடிக்காமல் வழித்தால் இழுப்பு நேரே தையலுக்குப் போகும். பிறகு மூடியைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, பல்பை நன்றாக நசுக்கிப் பிடித்தபடியே மூடுங்கள். நசுக்காமல் மூடினால் உறிஞ்சாது. ஒவ்வொரு ட்ரெயினின் அளவையும் தனித்தனியாக எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே தொடர்ந்து இரண்டு நாள் வந்தால் பொதுவாக எடுத்துவிடுவார்கள் (சிலர் 20 மி.லி. என்பார்கள்). நிறம் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பாகி, வைக்கோல் மஞ்சளுக்கு வருவது இயல்பு. திடீரென அடர்சிவப்பாகி வேகமாக நிறைந்தாலோ, வடிவது சட்டென நின்று மார்பு வீங்கினாலோ, துளையைச் சுற்றிச் சூடும் சிவப்பும் பரவினாலோ, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம்.

ட்ரெயின் எடுத்த பிறகும் இதே மேலாடை உதவ வேண்டுமானால், மார்பை மூடும் கோப்பைக்குள் ஒரு உள்திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் முதலில் மார்பக வடிவிலான இலேசான பஞ்சு அச்சு வைக்கலாம். கனமான சிலிக்கோன் செயற்கை மார்பகத்தைக் காயம் ஆறிய பிறகு, வழக்கமாக 6 முதல் 8 வாரங்கள் கழித்து, மருத்துவர் சரியென்றால் மட்டும் வையுங்கள். அடுத்து கதிர்வீச்சு இருந்தால் அடிப்பட்டையே இல்லாத தளர்ந்த பருத்தியாடைக்கு மாறிவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? ட்ரெயின் துளையருகே கசிவது சகஜம், ஒன்று நனைந்தால் உடனே மாற்றத் தோதாக மூன்று. மூன்றையும் அறுவைக்கு முன்பே ஒரு தடவை துவைத்து, வெல்க்ரோவை ஒட்டி வைத்துவிடுங்கள். குளிக்கப் பையை நனைக்காமல், பல்பைக் கழுத்தில் மாட்ட நாடா ஒன்றும் கூடவே எடுத்து வையுங்கள்.