"வேலை தெரிஞ்ச நாய்" என்ற சொல்லை நம்பி 32,000 ரூபாய் விட்டேன்

நாட்டு நாய் வாங்கப் போகிறவர்கள், அதிலும் "குட்டி எதுக்கு, வளர்ந்ததா வாங்கினா நாளைக்கே தோட்டத்துல விட்டுரலாம்" என்று கணக்குப் போடுகிறவர்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நாய்க்கு 32,000, வண்டி வாடகை 4,500, வைத்தியத்துக்கு இதுவரை 9,000 சொச்சம், பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஆட்டுக்குட்டிக் காசு 5,000. விற்றவர் பெயரும் ஊரும் இதில் இருக்காது. காரணம் கீழே வரும்.

வேடசந்தூர் பக்கம் எனக்கு 3 ஏக்கர். பாதி முருங்கை, பாதி நிலக்கடலை. கடலை காய் பிடிக்கிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். ஒரு ராத்திரி இறங்கினால் போதும், விடிந்து போய்ப் பார்த்தால் ஏர் ஓட்டினது மாதிரி மண் புரண்டு கிடக்கும். இரண்டு போகம் இப்படிப் போனபிறகு நாய் வாங்கியே தீர்வது என்று முடிவானது.

அப்பா குட்டிதான் என்றார். "நம்ம கைச்சோறு தின்னு வளர்ந்தாத்தான்டா நம்ம காட்டைக் காக்கும்." எனக்கோ ஒரு வருஷம் பொறுக்க மனசில்லை. குட்டி என்றாலே ஒரு பயமும் இருந்தது. என் மச்சான் ராஜபாளையம் குட்டி வாங்கினார், பால் வெள்ளை, மூக்கெல்லாம் ரோஸ். நாலு மாசம் "சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால் அதற்குப் பிறவியிலேயே காது கேட்காது. முழு வெள்ளை நாய்களில் இந்தக் குறை வருவது புதிதல்ல, ராஜபாளையத்தில் கூடுதலாகவே உண்டு. கூடப் பிறந்ததுகளோடு இருக்கும்போது கண்டுபிடிக்கவே முடியாது. மற்றது எழுந்து ஓடினால் இதுவும் எழுந்து ஓடும். தனியாகப் பிரித்து, தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்திருக்க வேண்டும். மச்சானுக்கு அது தெரியவில்லை.

இப்படி யோசனையில் இருந்தபோதுதான் வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்ம நாட்டு நாய் இனங்களைப் பெயர் சொல்லிப் பேசியதிலிருந்து, கையில் போன் இருக்கிறவன் எல்லாம் நாய் வியாபாரி ஆகிவிட்டான் என்பது என் எண்ணம். வீடியோ நாற்பது விநாடி இருக்கும். செவலை நிறத்தில் ஒரு சிப்பிப்பாறை, ஆண். கரிசல் காட்டில் ஒரு முயலை விரட்டுகிறது. முயல் வெட்டித் திரும்புகிறது, நாயும் கூடவே வெட்டித் திரும்புகிறது. கீழே: "வேலை நாய். வயசு 3. வேலைக்கு கேரண்டி."

இங்கே என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முயல் வேட்டை 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நாயை வைத்துப் பிடித்தாலும் குற்றம்தான். அது தெரிந்தேதான் அந்த வீடியோவை வாய் பிளந்து பார்த்தேன். எனக்குத் தேவை காவல். ஆனால் இவ்வளவு வேகமாக ஓடுகிற நாய் பன்றியை விடுமா என்று நினைத்தேன். "வேலை" என்று அவர் சொன்னது ஒன்று, நான் கேட்டுக்கொண்டது இன்னொன்று. இந்தத் தொழிலில் "வேலை" என்றால் முயல். தோட்டக் காவல் இல்லை.

கோவில்பட்டி தாண்டி ஒரு ஊர். நேரில்தான் போய்ப் பார்த்தேன், அதில் சோம்பல் படவில்லை. டிவிஎஸ் 50-ஐ முன்னால் விட்டு நாயைப் பின்னால் ஓடவிட்டுக் காட்டினார். இருநூறு அடி தூரம் இருக்கும், அருமையான ஓட்டம். விலா எலும்பு தெரிகிறதே என்றேன். "சிப்பிப்பாறைக்கு விலா தெரிஞ்சாத்தான் அண்ணாச்சி அழகு" என்றார். அது உண்மைதான். ஓட்ட நாய்க்குக் கடைசி இரண்டு மூன்று விலா தெரியத்தான் செய்யும். நோயில் இளைத்த நாயை விற்கிறவனுக்கு இதைவிட வசதியான உண்மை கிடையாது. நான் பார்த்திருக்க வேண்டியது விலாவை அல்ல, பின்னந்தொடையை. நல்ல நாய்க்கு அங்கே கை வைத்தால் கல் மாதிரி சதை இருக்கும்.

பல்லைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "புது ஆளு கை வச்சா கடிச்சிரும், இருங்க" என்று அவரே குனிந்து, இடது கையால் வாயைப் பிடித்து, பெருவிரலால் உதட்டைத் தூக்கிக் காட்டினார். பக்கத்துக் கோரைப்பல் பளிச்சென்று தெரிந்தது. அவருடைய பெருவிரல் இருந்த இடத்தில்தான் முன்பற்கள் இருந்தன என்பது எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

பேர் ராஜா என்றார். ஜி-பேயில் பணம் அனுப்பினேன். கணக்கு வேறு யாரோ ஒரு பெண் பெயரில் இருந்தது. "வீட்டுல உள்ளவ அக்கவுண்ட்" என்றார். ரசீது, ஊசி அட்டை எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வந்த நாய் மூன்று நாள் சோற்றைத் தொடவில்லை. கேட் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி படுத்திருந்தது. ராஜா என்று எத்தனை முறை கூப்பிட்டாலும் காதுகூட அசையாது. ஒருநாள் அப்பா ஆட்டை விரட்ட நாக்கை மடித்து ட்ளக் என்று ஒரு சத்தம் விட்டார். நாய் துள்ளி எழுந்து அவர் காலடியில் வந்து நின்றது. அதற்குப் பழக்கிய குறி அதுதான். பேர் எங்களுக்காக அன்றைக்கு வைத்தது. குளிப்பாட்டும்போது விரல் இடுக்கிலும் காது மடலுக்குள்ளும் உண்ணி. ஒவ்வொன்றும் ஆமணக்கு விதை கணக்காக ரத்தம் குடித்து உப்பியிருந்தது.

எட்டாம் நாள் ராத்திரி பன்றி வந்தது. நாய் குரைக்கவே இல்லை. எழுந்து உட்கார்ந்து பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொன்னார்: "தம்பி, இது ராத்திரி லைட் அடிச்சு முயல் பிடிக்கப் பழக்குன நாய். சத்தம் போட்டா உதைப்பானுக. எப்படிக் குரைக்கும்? பன்னிக்குன்னா கோம்பை மாதிரி கட்டையான நாய் பார்த்திருக்கணும். இதுக்குத் தோலு வெங்காயச் சருகு. ஒத்தைப் பன்னி ஒரு சீவு சீவினா குடல் வெளியே வந்துரும்."

இதைச் சொன்ன அதே பெரியவருடைய ஆட்டுக்குட்டிதான் பத்தாம் நாள் போனது. வரப்பில் துள்ளி ஓடியது, அவ்வளவுதான். கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பத்து விநாடியில் கழுத்தைப் பிடித்துவிட்டது. கொன்று போட்டுவிட்டு, என்னமோ நான் மெச்சப்போகிற மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தது. நாயைச் சொல்லிக் குற்றமில்லை. பெரியவர் காசு வேண்டாம் என்றுதான் சொன்னார். கொடுக்காவிட்டால் நாளைக்கு வரப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது.

பன்னிரண்டாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது. கால்நடை மருத்துவர் ஈறை அழுத்திப் பார்த்தார், வெளுத்துக் கிடந்தது. ரத்தப் பரிசோதனையில் தட்டணு (ரத்தத்தை உறைய வைக்கிற அணு) 38,000. இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் விடாமல் கொடுக்கச் சொன்னார். வயசு மூணு என்றதும் சிரித்தார். முன்பற்கள் இளம் நாய்க்கு மூன்று இதழ் வைத்தது போல இருக்கும், இதற்கு எல்லாம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. "பல்லை மட்டும் வச்சு நான் சொல்ல மாட்டேன், சங்கிலி கடிக்கிற நாய்க்குச் சீக்கிரமே தேயும்" என்று டார்ச் அடித்துக் கண்ணைக் காட்டினார். கருவிழிக்குள் நீலம் கலந்த புகை மாதிரி ஒரு மங்கல். அது வயதான நாய்க்கு வருவது. ஏழுக்குக் குறையாது என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த வீடியோவை மறுபடி போட்டேன். முயலைப் பார்க்காமல் பின்னணியைப் பார்த்தேன். நாய் திரும்புகிற இடத்தில், ஒரு விநாடி, கம்பத்தில் கட்டிய ஃப்ளெக்ஸ். நிறுத்திப் பெரிதாக்கினேன். கோயில் கொடை விழா, 2019. வெயிலில் கொஞ்சமும் வெளுக்காத புது ஃப்ளெக்ஸ். நான் வாங்கியது 2024 ஆடியில். 2019-ல் முழு வளர்த்தியோடு ஓடுகிற நாய்க்கு 2024-ல் வயசு மூணாம்.

வீடியோ பொய்யில்லை, நாயும் அதே நாய்தான். இடது காதில் கிழிந்த தழும்பு இரண்டிலும் இருக்கிறது. அதனால்தான் நான் சந்தேகப்படவில்லை.

போன் போட்டேன். முதலில், "உங்க ஊரு தண்ணி அதுக்குச் சேரலன்னு நினைக்கேன்." அப்புறம், "உண்ணி உங்க தோட்டத்துல ஏறினதா இருக்கும்." ஃப்ளெக்ஸைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு குரல் மாறியது. "சரி, ஸ்டேஷனுக்கு வேணா போங்க. அந்த வீடியோவத்தான காட்டுவீங்க? முயலு பிடிக்கிற நாயின்னு தெரிஞ்சுதான வாங்கினீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாங்கினவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வான் என்பதில்தான் அவருடைய வியாபாரமே ஓடுகிறது. பெயர் போடாததற்குக் காரணம் இதுதான். கையில் ரசீதும் இல்லை, கேட்கப் போனால் நானும் சேர்ந்து தலை குனிய வேண்டும்.

கடைசியில் சமாதானமாக ஒரு குட்டி தருகிறேன் என்றார். ரெண்டு மாசக் குட்டியாம். எனக்குப் புத்தி வந்திருக்கிறதா என்று பார்க்கவே போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாசத்தில் குட்டிக்குப் பால்பல் 28-ம் வந்திருக்கும். இதன் வாயைத் திறந்தால் முன்னால் அரிசி முனை மாதிரி நாலைந்து துருத்திக்கொண்டிருந்தது, பின்னால் வெறும் ஈறு. ஒரு மாசம்கூட ஆகியிருக்காது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதி இருக்கிறது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அதெல்லாம் அந்த முற்றத்தில் யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. வயிறு பானை மாதிரி, எல்லாம் புழு. தாய் எங்கே என்றால் "தோட்டத்துல நிக்கி." ஊசி அட்டை மட்டும் இந்தத் தடவை தயாராக இருந்தது. இரண்டு தடுப்பூசி போட்டதாக ஸ்டிக்கர், இரண்டு தேதியும் ஒரே பேனாவில். பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோய்) ஊசியே ஆறு முதல் எட்டு வாரத்தில்தான் ஆரம்பிப்பார்கள், அடுத்தது மூன்று நாலு வாரம் கழித்து. கணக்குப்படி அந்தக் குட்டி பிறந்த கையோடோ, அதற்கு முன்போ முதல் ஊசி போட்டிருக்க வேண்டும். வாங்காமல் திரும்பி வந்தேன்.

இப்போது யாராவது கேட்டால், காவலுக்கு வளர்ந்த நாய் வாங்குவது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிப் பணம் கொடுத்து, பதினைந்து நாள் நம் இடத்தில் வைத்துப் பார்க்க ஒத்துக்கொள்கிறவரிடம் மட்டும். விற்கிறவர் பக்கத்தில் இல்லாதபோது பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டு மந்தை பக்கம் ஒரு நடை நடத்துங்கள், கண் ஆட்டிலேயே குத்தி நின்றால் விட்டுவிடுங்கள். முன்பல்லை நீங்களே பாருங்கள், முடியாவிட்டால் மருத்துவர் பார்க்கட்டும். குட்டி என்றால் தாயைக் கண்ணால் பார்க்காமல் காசை எடுக்காதீர்கள். பன்றிக்காக என்றால், நான் கடைசியில் போட்டது சோலார் வேலி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நாயைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் அடுத்த ஆளுக்கு விற்பார். 28 நாள் மாத்திரை முடிந்து தட்டணு ஏறிவிட்டது. மோட்டார் ரூம் நிழலில் படுத்துக் கிடக்கிறது. அப்பா நாக்கைத் தட்டினால் மட்டும் எழுந்து வரும், கம்பஞ்சோறும் மோரும் என்றால் அதுவாகவே வரும்.

போன வாரம் வேறொரு குழுவில் அதே வீடியோ வந்தது. அதே கரிசல் காடு, அதே முயல், கிழிந்த காதோடு என் நாய். "வயசு 3. வேலைக்கு கேரண்டி." நாற்பது விநாடி இப்போது முப்பத்தைந்துதான். ஃப்ளெக்ஸ் வருகிற இடத்தை வெட்டியிருக்கிறார்கள்.