குறி தப்பாத வேட்டைக்காரனும் மூன்று பகடையும்: மூன்று வருஷ அனுபவம்

நாகர்கோவிலில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு மதியங்களில் ரோல்பிளே, அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு, ஆடத் தொடங்கி மூன்று வருஷம் தாண்டிவிட்டது. கதை நடப்பது 1741-இல். குளச்சலில் டச்சுக்காரர்கள் இறங்கிவிட்டார்கள், மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை வளைக்கிறது. நான் கேம் மாஸ்டர், கதையை நடத்தி விதியைப் பார்த்துக்கொள்பவன். குழுவில் ஒரு வேட்டைக்காரன் உண்டு, மலங்காட்டில் வளர்ந்தவன், வைத்த குறி தப்பாதவன். அவனைப் பகடையில் கொண்டுவர நான் பட்ட பாடுதான் இது.

முதல் ஆறு மாதம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிப்புத்தகத்தின் ஐந்தாம் பதிப்பு. இருபது முகப் பகடையை உருட்டித் திறமையைக் கூட்ட வேண்டும். 1 விழுந்தால் எப்பேர்ப்பட்டவனுக்கும் குறி தவறும். இருபதுக்கு ஒன்று, 5 சதவீதம். படிக்கும்போது சின்ன விஷயமாகத்தான் தெரிந்தது. பத்தடி தள்ளி இருந்த பீப்பாயை வேட்டைக்காரன் தவறவிட்ட அன்று, அவனை ஆடும் நண்பன் ஏத்தங்காய் சிப்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: “லேய் மக்கா, நான் வேட்டைக்காரனா, இல்ல கோயில் கொடையில பலூன் சுட வந்தவனா?”

பீப்பாய்க்கு எதற்குப் பகடை என்பீர்கள். சரி, அது என் தப்புதான். ஆனால் வேறொரு சிக்கலும் இருந்தது. அந்தப் பகடையில் ஒவ்வொரு புள்ளிக்கும் எடை ஒன்றே. கடினமான குறிக்கு 7 புள்ளி குறைத்தால் கற்றுக்குட்டிக்கும் கைதேர்ந்தவனுக்கும் ஒரேபோல 35 சதவீதம் போகும். எங்களில் ஒருவன் கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டவன். பக்கத்தில் இருப்பதை யாரும் சுட்டுவிடலாம், தூரம் கூடும்போதுதான் ஆள் யாரென்று தெரியும் என்பான்.

அப்புறம் கர்ப்ஸ் (GURPS) என்ற வேறொரு விதிப்புத்தகத்தின் நான்காம் பதிப்புக்கு மாறினோம். லூடோ பெட்டியில் கிடைக்கும் சாதாரணப் பகடை மூன்று போதும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு திறன் எண் உண்டு, கூட்டுத்தொகை அதற்குள் வந்தால் குறி தைக்கும். திறன் 12 உள்ள சிப்பாய்க்கு எளிய குறியில் 74 சதவீதம். திறன் 18 உள்ள வேட்டைக்காரனுக்கு 98. 17, 18 விழுந்தால் யாருக்கும் தவறும்தான், ஆனால் அது 216-இல் 4 தடவை. இப்போது இலக்கை 30 கெஜம் தள்ளி வையுங்கள். விதிப்படி திறன் எண்ணில் 7 குறைகிறது. சிப்பாய் 5 சதவீதத்துக்கும் கீழே விழுந்துவிடுகிறான், வேட்டைக்காரன் 62-இல் நிற்கிறான். மூன்று நொடி குறி பார்த்து, துப்பாக்கியை மதிலில் ஊன்றிச் சுட்டால் எங்கள் மஸ்கட் (musket) துப்பாக்கிக்கு 5 புள்ளி திரும்பக் கிடைக்கும். சிப்பாய்க்குச் சரிபாதி வாய்ப்பு, வேட்டைக்காரன் மறுபடி 98. முதல் நாள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது என்.சி.சி.க்காரன் மேசையைத் தட்டினான்.

தொல்லை இல்லாமல் இல்லை. தூர அட்டவணையை ஒவ்வொரு தடவையும் புரட்ட வேண்டும். கடைசியில் அதை ஒரு அட்டையில் எழுதி எல்லார் கையிலும் கொடுத்தேன். அதைவிடப் பெரிய தலைவலி நேரம். கர்ப்ஸில் ஒரு சுற்று என்பது ஒரு நொடி. சக்கிமுக்கித் துப்பாக்கியில் நல்ல பயிற்சி உள்ள சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று தடவை சுடலாம். அதாவது ஒருமுறை சுட்டவன் இருபது சுற்று வெடிமருந்து கிட்டித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சண்டையில் வேட்டைக்காரன் ஒரே ஒரு குண்டு சுட்டான், மீதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு நிரப்பிய துப்பாக்கி மூன்றும், மருந்து கிட்டிக்க ஒரு பையனும் உண்டு.

நானே சேர்த்த விதி ஒன்றுதான். மழை நாளில் தனியாக ஒரு பகடை உருட்டுவோம், 1 அல்லது 2 விழுந்தால் மருந்து நனைந்து வெடிக்காது. மூன்றில் ஒரு தடவை தோல்வி, பழைய 5 சதவீதத்தைவிட எவ்வளவோ மோசம். ஆனாலும் இதுவரை ஒருவரும் முறைக்கவில்லை, பழி கைக்குப் போகாமல் மருந்துக்குப் போவதால் என்று நினைக்கிறேன். ஆடி மாதக் கதையில் மழை எப்படியும் பெய்யும். இப்போதெல்லாம் வந்து உட்கார்ந்ததும் வேட்டைக்காரன், “இன்னைக்கு மழை உண்டா?” என்று கேட்கிறான். உண்டு என்றால் துப்பாக்கியை வைத்துவிட்டு வில்லை எடுக்கிறான். வில்நாணும் நனையும் என்பதை அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.