வீட்டில் எலெக்ட்ரிக் கார் சார்ஜ்: காரை விடுங்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்

போன வாரம் போர்ட்டிகோவில் இருக்கிற 15 ஆம்ப் பிளக் பாயின்ட்டை மறுபடியும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) ஓட்டையைச் சுற்றி பழுப்பேறி, பிளக்கைப் பிடுங்கினால் கருகிய வாசனை. அதே வாரத்தில் சேலத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பி போன் செய்து, "மாமா, நீங்கதான் ரொம்ப நாளா ஓட்டுறீங்க, எலெக்ட்ரிக் கார் வாங்கட்டுமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டான். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயம் இல்லை என்பதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். எந்தக் கம்பெனி கார் என்பது இங்கே முக்கியமில்லை. 30 யூனிட் (கிலோவாட்-அவர்) கரண்ட் பிடிக்கும் பேட்டரி, கூடவே கொடுத்த 15 ஆம்ப் கேபிள், நாமக்கல்லில் சொந்த வீடு. இது போதும்.

கார் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபமெல்லாம் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் இருக்கிற விஷயங்கள் மேல்தான்.

முதலில் பிளக். நம் வீடுகளில் 15 ஆம்ப் பாயின்ட் என்பது கீசருக்கும் கிரைண்டருக்கும் போட்டது. கீசர் கால் மணி நேரம் ஓடும், நின்றுவிடும். கார் அப்படி இல்லை. 12, 13 ஆம்பியரை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் விடாமல் இழுக்கும். உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு துளி தளர்ந்திருந்தாலும் போதும், அந்த இடம் சூடேறும், சூட்டில் தகடு இன்னும் தளரும், இன்னும் சூடேறும். கடையில் "ஹெவி டூட்டி" என்று சொல்லிக் கொடுப்பதை எல்லாம் நம்பிவிட முடியாது, கையில் எடுத்துப் பார்த்து, பிளக்கைச் செருகினால் இறுக்கமாகப் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தூரம் அதிகம் என்றால் 6, அதற்கென்று தனி எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் சுவிட்ச்). எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து மெயினை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள். இதற்கு உண்மையான தீர்வு பிளக்கே இல்லாமல் நேராக ஒயர் இணைத்துச் சுவரில் மாட்டும் சார்ஜர், அதாவது வால் பாக்ஸ்தான். நான் அதற்கு மாறாததற்குக் காரணம் எர்த்.

எர்த், அதாவது கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. அதைப் பற்றித்தான் நான் எழுத வந்ததே.

கேபிளுடன் வரும் பெட்டி, சார்ஜ் ஆரம்பிக்கும் முன் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்கும். இல்லை என்று அதற்குப் பட்டால் சிவப்பு விளக்கு, கரண்ட் போகாது. பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் சில பெட்டிகள் மறுத்துவிடும். கார் வந்த புதிதில் நாலைந்து மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. மாசி பிறந்து வெயில் ஏறியதும் ஒரு நாள் சிவப்பு, மறுநாள் பச்சை, அப்புறம் தொடர்ந்து சிவப்பு. சர்வீஸ் சென்டரில் இருந்து வந்த பையன் பெட்டியைச் சோதித்து "கேபிள் நல்லா இருக்குங்கண்ணா, உங்க வீட்டு எர்த் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் எலக்ட்ரீஷியன் வந்து மல்டிமீட்டரை வைத்து, பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 காட்டுகிறதே, எர்த் பிரமாதமாக இருக்கிறது, கேபிள்தான் போச்சு என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் கார் நின்றது.

இதில் பையன் சொன்னதுதான் சரி. மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை, அதனால் துருப்பிடித்த எர்த் கம்பியிலும் அது 230 காட்டும். கொஞ்சம் லோடு கொடுத்தால்தான் உண்மை தெரியும். இன்னொரு எலக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே போட்டுக் காட்டினார், மங்கி எரிந்தது. நல்ல எர்த்தாக இருந்தால் நியூட்ரலில் எரிகிற அதே வெளிச்சம் வரவேண்டும். (இதை நீங்களாகச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் வீட்டில் எர்த் இணைந்த இரும்பெல்லாம் லேசாக ஷாக் அடிக்கலாம். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருக்கும் வீட்டில் போட்டவுடனே டிரிப் ஆகிவிடும், அதைப் பார்த்து எர்த் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது.) சரியான வழி எர்த் டெஸ்டர் கொண்டு, மண்ணுக்குள் கரண்ட் இறங்க எவ்வளவு தடை இருக்கிறது என்று ஓம் கணக்கில் அளப்பது. வீட்டுக்கு 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது என்பார்கள்.

நாமக்கல் மண் எப்படி என்று இந்தப் பக்கம் போர் போட்டவர்களுக்குத் தெரியும். சில அடியிலேயே பாறை. வீடு கட்டும்போது ஒரு இரும்புக் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, மேலே சிமென்ட் பூசி, அதன் மேல் துளசி மாடம் வைத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் அது எர்த், சித்திரையில் அது வெறும் குழாய்.

நம் தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது பேஸும் நியூட்ரலும்தான். எர்த் என்பது அவரவர் வீட்டு மண். இது தெரியாமல்தான் பாதிப் பேர் கார் வாங்குகிறோம். ஷோரூமில் ரேஞ்ச் சொல்கிறார்கள், ஸ்கிரீன் சைஸ் சொல்கிறார்கள், உங்கள் வீட்டு எர்த் எத்தனை ஓம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். டெலிவரிக்கு முன் ஒரு ஆளை அனுப்பி அளந்து பார்க்க என்ன செலவாகிவிடும்?

அடுத்து நான் சொல்வதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். சிவப்பு விளக்கு வந்தால் பத்தில் எட்டு பேர் சொல்லும் வைத்தியம், பிளக் பாயின்ட்டுக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த்தில் முறுக்கிவிடுவது. உடனே பச்சை விளக்கு வந்துவிடும். எங்கள் வீட்டிலும் அதைச் செய்ய ஒருவர் திருப்புளியை எடுத்தார், நான் விடவில்லை. சார்ஜ் ஆகும்போது காரின் மொத்த உடம்பும் எர்த் ஒயரோடு இணைந்திருக்கும். அந்த எர்த் நியூட்ரலோடு சேர்ந்திருக்கும்போது வெளியே கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் ஏறி, கார் கதவில் 230 வோல்ட் வரை நிற்கலாம். கார் ரப்பர் டயரில் நிற்பதால் அதற்கு மண்ணுக்குப் போக வழி இல்லை. ஈரத் தரையில் நின்று கதவைத் தொடுகிறவர்தான் வழி. ஆடிக் காற்றில் நியூட்ரல் அறுந்து தெருவே டிவி, பிரிட்ஜ் இழந்த கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்கள் போர்ட்டிகோவில் தினமும் காலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். அந்தத் துண்டு ஒயரை எந்தத் தைரியத்தில் மாட்டச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆன்லைனில் இதற்கென்றே அடாப்டர் செய்து விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

நாங்கள் செய்தது இது: டிரில்லிங் ஆளைக் கூப்பிட்டு இரண்டு குழி, செம்பு பூசிய பத்தடி ராடு இரண்டு, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி, சுற்றி ஈரம் பிடிக்கும் எர்த்திங் பவுடர், இரண்டையும் சேர்த்து போர்டுக்குத் தனி எர்த் ஒயர். பாறை என்பதால் குழி போட்ட கூலிதான் அதிகம். மழைக்காலத்தில் அளந்தால் 4 ஓம் வருகிறது. சித்திரையில் மறுபடி ஏறுகிறது, அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்றினால் பெட்டி சமாதானமாகிறது. ஊற்ற மறந்த இரவுகளில் காலையில் எழுந்து பார்த்தால் சிவப்பு. இதனால்தான் வால் பாக்ஸ் வாங்கவும் மனசு வரவில்லை, அதுவும் இதே எர்த்தைத்தான் பார்க்கும்.

இப்போது நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

செலவு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், ஸ்லாப் ஏற ஏற யூனிட் விலை ஏறும். 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி 401 முதல் 500 வரை 6.45 ரூபாய், 600 வரை 8.55, 800 வரை 9.65. காருக்கு முன்பே வீட்டில் 400 யூனிட் ஓடுகிறது என்று வையுங்கள். கார் மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுவரிலிருந்து ஏறக்குறைய 400 யூனிட் இழுக்கும், சார்ஜில் வீணாவதையும் சேர்த்துத்தான். 500-ஐத் தாண்டியதும் கீழ் ஸ்லாப்பில் கிடைத்த சலுகையும் குறையும். எல்லாம் கூட்டினாலும் காரால் கூடும் தொகை 3,700 ரூபாய் அளவில்தான். அதே 2,400 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் கார் என்றால் 16,000 ரூபாய். "ஈபி பில் எகிறிடும்" என்று பயமுறுத்துகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். மாடியில் 3 கிலோவாட் சோலார் போட மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. ஒன்று, தோட்டத்து இலவச மோட்டார் சர்வீஸில் மட்டும் காரைச் செருகாதீர்கள். அது விவசாயத்துக்குக் கொடுத்தது.

லோ வோல்டேஜ் பற்றிக் கேட்பவர்களுக்கு: ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஆரம்பித்தால் பிரச்சினை குறைவு. கோடையில் ஏழு மணிக்கு எல்லா வீட்டு ஏசியும் ஓடும்போது போட்டால் சார்ஜ் மெதுவாக ஏறும்.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம். அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் நாட்களில் விடியற்காலை கிளம்புவோம். வழியில் பங்கில் நிற்க வேண்டியதில்லை, ரிசர்வ் பயம் இல்லை, ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும்போது ஏசியைப் போட்டு அவரைப் படுக்க வைக்கலாம், புகை இல்லை, சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. திரும்பி வரும்போது அம்மா தூங்கிவிடுகிறார். பழைய டீசல் காரில் அவர் ஒரு நாளும் தூங்கியதில்லை. இதற்காக மட்டுமே இந்தக் காரை நான் விற்க மாட்டேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு மனைவியின் தம்பிக்கு என்ன சொன்னேன் என்றால், வாங்காதே என்றுதான். அவன் இருப்பது வாடகை வீட்டு மாடியில், கீழே நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே எர்த் குழி, அதைத் தோண்ட ஹவுஸ் ஓனர் விடமாட்டார், சிவப்பு விளக்கு வந்த அன்றைக்கு எவனாவது துண்டு ஒயரோடு வந்து நிற்பான். கருகிய பாயின்ட் இன்னும் என் மேஜை மேல் கிடக்கிறது, அந்தக் கோபமும் இந்தப் பதிலில் இருக்கலாம். இருக்கட்டும். கேட்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தால், புக்கிங் பணம் கட்டும் முன் எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லியிருக்கிறேன், அதுவும் ஐப்பசி மழை முடிந்த கையோடு இல்லை, சித்திரை வெயிலில்.