எட்டிப் பார்த்த எழுத்தைத் திரும்ப எங்கே வைப்பது? ரன்டைம் பிழை ஒன்றுக்கு ஐந்து தீர்வுகள்

நிரல் ஒன்று கோப்பில் அடுத்த எழுத்து என்னவென்று எட்டிப் பார்க்கிறது. எடுத்துக்கொள்வதில்லை, பார்ப்பதோடு சரி. பிறகுதான் வரியைப் படிக்கிறது. கோப்பில் "அம்மா" என்று இருந்தால் "அம்மா" என்றே வரவேண்டும். ரன்டைமில் (நிரல் ஓடும்போது கூடவே இருந்து கோப்பு வாசிப்பு போன்றவற்றைச் செய்துகொடுக்கும் பகுதி) கோளாறு இருந்தால் "ம்மா" மட்டும் வரும், அல்லது முதல் எழுத்து இருந்த இடத்தில் குப்பை வரும், அல்லது குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை) தவறென்று நிரலே விழுந்துவிடும்.

"அ" யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட்: 224, 174, 133. யூனிகோடின் தமிழ்த் தொகுதியில் எந்த எழுத்தை எடுத்தாலும் மூன்று பைட்தான். எட்டிப் பார்க்க, ரன்டைம் படித்துவிட்டுத் திருப்பிப் போட வேண்டும். அப்படித் திருப்பிப் போட சி மொழியில் உள்ள அன்கெட்சி சார்போ ஒரே ஒரு பைட்டுக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. மூன்றைப் படித்து ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டால் அடுத்த முறை 133இலிருந்து தொடங்கும். எந்த எழுத்தின் தொடக்கத்திலும் வரவே முடியாத பைட் அது. ஆங்கிலக் கோப்புகளை மட்டும் வைத்துச் சோதித்தால் இது எந்தக் காலத்திலும் வெளியே தெரியாது.

ஏடா மொழியின் ஜிநாட் கம்பைலரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஏடா 95இல் வந்த வைடு_டெக்ஸ்ட்_ஐஓ தொகுப்பில் எட்டிப் பார்ப்பதற்கென்றே லுக்_அஹெட் இருக்கிறது. அடியில் ஜிநாட் சி மொழியின் கோப்புச் சார்புகளைத்தான் நம்பியிருக்கிறது. ஆக, கேள்வி அங்கே நேரடியாகவே எழுகிறது.

சுலபமாகத் தோன்றும் மூன்று

அன்கெட்சியை மூன்று முறை கூப்பிட்டால் என்ன? முதலில் எல்லோருக்கும் தோன்றுவது இதுதான். லினக்ஸில் பெரும்பாலும் ஓடியும் விடும். அதுதான் ஆபத்து. லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின் கையேடு, இடையில் எதையும் படிக்காமல் இரண்டாம் முறை கூப்பிடக் கூடாது என்கிறது. மஸ்ல் என்ற இன்னொரு சி நூலகம் எட்டு பைட்டுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. நாளை வேறொரு இயங்குதளத்துக்குப் போனால் எத்தனை பைட் கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பல இயங்குதளங்களில் ஓடவேண்டிய ரன்டைமுக்கு இது பேட்ச் (திருத்தம்) ஆகாது.

படிக்கும் இடத்தை நகர்த்தும் எஃப்சீக் சார்பை வைத்து மூன்று பைட் பின்னால் போவது இரண்டாவது. சாதாரணக் கோப்பில் சரி. பைப்பிலோ (ஒரு நிரலின் வெளியீடு நேரே இன்னொன்றுக்குள் போகும் வழி) டெர்மினலிலோ பின்னால் போக வழியே இல்லை. இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது, சி மொழியிலேயே 1995 திருத்தத்தில் வந்த, பைட்டாக அல்லாமல் முழு எழுத்தாகக் கையாளும் வைடு சார்புகள். அன்கெட்டபிள்யூசி ஒரு முழு வைடு கேரக்டரைத் திருப்பிப் போட உத்தரவாதம் தருகிறது. கேட்டது கிடைத்ததுபோல இருக்கும். ஆனால் ஒரு கோப்பு ஒருமுறை வைடு வழியில் திரும்பிவிட்டால், அதை மூடித் திறக்கும்வரை பைட் சார்புகளை அதில் பயன்படுத்தக் கூடாது. குறியாக்கத்தைத் தீர்மானிப்பதும் நிரலின் லோகேல் (மொழி, வட்டார அமைப்பு) தான். ஒரே நிரலில் ஒரு கோப்பை யூடிஎஃப்-8 என்றும் இன்னொன்றை ஜப்பானியக் குறியாக்கமான ஷிஃப்ட்-ஜிஸ் என்றும் திறக்க வேண்டுமென்றால் கை கட்டிப்போகும். போதாததற்கு விண்டோஸில் வைடு கேரக்டர் 16 பிட், லினக்ஸில் 32 பிட்.

நிஜமான போட்டி

மிச்சமிருப்பவை இரண்டு. இரண்டுமே ரன்டைமின் கோப்புப் பதிவுக்குள் (திறந்த கோப்பைப் பற்றிய விவரங்கள் இருக்கும் இடம்) எதையாவது சேமிக்கின்றன. எதைச் சேமிப்பது என்பதில்தான் சண்டை: பைட்டுகளிலிருந்து மொழிபெயர்த்து முடித்த எழுத்தையா, மூல பைட்டுகளையா?

ஜிநாட் எழுத்தைச் சேமிக்கிறது. கோப்புப் பதிவில் ஒரு கொடி (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் குறி), பக்கத்தில் ஒரு வைடு கேரக்டருக்கு இடம். கொடி ஏறியிருந்தால் கோப்பு உண்மையில் அந்த எழுத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் நிரலின் கணக்கில் இன்னும் அதற்கு முன்னால்தான் நிற்கிறது என்று பொருள். யூனிகோட் எண் 127க்கு மேற்பட்ட எழுத்துகளுக்கு மட்டுமே இந்த இடம். அதற்குள் அடங்கும் ஆஸ்கி எழுத்துக்கு (ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகள்) ஒரு பைட் போதும் என்பதால் அது பழையபடி அன்கெட்சியில் போய்விடும்.

இந்தப் பிரிவினை முதலில் அசிங்கமாகத்தான் தெரியும். ஆனால் எண் படிக்கும் பகுதியைப் பார்த்தால் நியாயம் புரியும். அது பைட் பைட்டாகவே ஓடுகிறது. கொடி ஏறியிருந்தால் அடுத்து இருப்பது எண்ணாக இருக்கவே முடியாது என்று உடனே தரவுப் பிழை எழுப்பிவிடலாம். (கோப்பில் ௧, ௨ என்று எழுதி வைத்திருந்தாலும் ஏடாவுக்கு அது எண் இல்லை.)

விலை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளீட்டைத் தொடும் ஒவ்வொரு சார்பும் கொடியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பின் கடைசி எழுத்தை எட்டிப் பார்த்த பிறகு சி நூலகத்தைக் கேட்டால் கோப்பு முடிந்துவிட்டது என்றே சொல்லும். கோப்பு முடிந்ததா என்று சொல்லும் ஏடாவின் என்ட்_ஆஃப்_ஃபைல் அதை நம்பாமல் கொடியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வரி முடிவுச் சோதனைக்கும் இதே கதை. கோப்பைத் தொடக்கத்துக்கே கொண்டுபோகும் ரீசெட் செய்யும்போது கொடியை இறக்க மறந்தால் பழைய எழுத்து புதிய வாசிப்பின் தலையில் வந்து உட்காரும். இந்த வகைப் பிழைகளில் பாதி, கொடியைப் பார்க்க மறந்த ஏதோ ஒரு சார்பில்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

மூல பைட்டுகளைச் சேமிக்கும் முறையில் இந்தத் தொல்லை குறைவு. பைட் எடுக்கும் ஒரே ஒரு அடிச் சார்பு முதலில் சின்னப் பஃபரை (தற்காலிகச் சேமிப்பிடம்) பார்க்கும், காலியென்றால் கோப்புக்குப் போகும். மேலே உள்ளவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம். இன்னொரு நன்மையும் உண்டு. தவறான பைட் வரிசை இருந்தால் எட்டிப் பார்க்கும்போதே விழாமல், உண்மையில் படிக்கும்போது பிழை சொல்லலாம், எந்தப் பைட் தவறு என்றும் காட்டலாம்.

யூடிஎஃப்-8 மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். 2003க்குப் பிறகு ஒரு எழுத்துக்கு அதிகபட்சம் நான்கு பைட், அதற்குள் கதை முடிந்துவிடும். ஆனால் ஜிநாட் ஆறு குறியாக்கங்களை ஏற்கிறது. அவற்றுள் சதுர அடைப்புக்குறி முறையில் ஒரு 16 பிட் எழுத்தே எட்டு பைட் பிடிக்கும், அதுவும் "[" என்ற ஆஸ்கி குறியில் தொடங்கும். பஃபரின் அளவு குறியாக்கத்தைப் பொறுத்து மாறும், எட்டிப் பார்த்தபோது ஒருமுறை செய்த மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது இன்னொருமுறை செய்ய வேண்டும். மொழிபெயர்த்த எழுத்தைச் சேமித்தாலோ குறியாக்கம் எதுவானாலும் ஒரு இடம் போதும். ஆகவே ஜிநாட் போன்ற பழைய, பல குறியாக்க ரன்டைமில் பேட்ச் போடுபவர் கொடி முறையிலேயே நின்று, விட்டுப்போன சார்பைத் தேடித் திருத்துவதுதான் சரி. புதிதாக எழுதுபவர் பைட் பஃபருக்குப் போகலாம்.

பஃபரைப் பெரிதாக்கி 4096 பைட்டாக மொத்தமாகப் படிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேகம் கிடைக்கும். ஆனால் அதே உள்ளீட்டை சி மொழிப் பகுதி ஒன்றும் படித்துக்கொண்டிருந்தால், நம் பஃபரில் போன பைட்டுகள் அதற்கு எட்டாது. இன்னொன்று, 4096 மூன்றால் வகுபடாது. இடைவெளியே இல்லாத தமிழ்க் கோப்பில் 1365 எழுத்து முழுசாக வரும், 1366ஆவது எழுத்தின் முதல் பைட் மட்டும் கடைசியில் தொங்கும். அடுத்த தொகுதியோடு அதை ஒட்டத் தெரியாத ரன்டைம் அங்கே மறுபடியும் உடையும்.

எதைத் தேர்ந்தாலும் சோதனைக் கோப்புகள் இவைதான்: எட்டிப் பார்த்தபின் முழு வரி வாசிப்பு, கடைசியில் வரி முடிவே இல்லாமல் "அ"வில் நிற்கும் கோப்பு, எட்டிப் பார்த்த கையோடு ரீசெட், இவை மூன்றும் பைப் வழியாக ஒருமுறை. பைப்பில் மட்டும் ரீசெட்டை விட்டுவிடுங்கள், பின்னால் போக முடியாத இடத்தில் அது எப்படியும் ஓடாது.